இறகு வாணிகமும் பறவைக் காப்பும்

மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனைத் தமிழுலகம் மறவாது. மயில் தானே உதிர்த்த பீலியைப் பொறுக்குதல் ஒன்று. இறகுக்காகவே உயிரைப் போக்குதல் வேறொன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மேனாட்டு மாதர்தம் தொப்பிகளை அழகுசெய்ய நிகழ்ந்தது பின்னதே. வெண்கொக்கின் மென்தூவி இனம்பெருக்கும் காலத்தில் வளர்வது. எனவே கூட்டருகே தாய்ப்பறவை சுடப்பட, குஞ்சுகள் பசியால் மடிந்தன. உதிர்ந்த தூவியையே பொறுக்குகிறோம் என்று வணிகர் கூறியது வெறுஞ்சாக்கு.

மலாயாவில் இதற்கு முதற்றடை எங்கு எழுந்தது? நீரிணைக் குடியேற்றங்களில், 1884இல், காட்டுப் பறவைக் காப்புச் சட்டம் இயற்றப்பட்டது. லுமுட், பங்கோர் அடங்கிய டிண்டிங்ஸ் அன்று அக்குடியேற்றங்களைச் சேர்ந்தது. 1935இல்தான் பேராக்கிடம் மீண்டது. தைப்பிங்கும் ஈப்போவும் வேறோர் ஆட்சியில் இருந்தன. ஒரு கரையில் காப்பு, மறுகரையில் இல்லை. பறவை எல்லைக்கோடு அறியுமோ?

இந்தியாவிலும் குறை இருந்தது. 1887ஆம் ஆண்டுச் சட்டம் நகராட்சி, படைப்பாளைய எல்லைகளுக்குள், இனப்பெருக்கக் காலத்தில் பிடித்த பறவைகளை வைத்திருப்பதையும் விற்பதையுமே தடுக்க முயன்றது. கப்பலேறும் மூட்டையை அது தொடவில்லை. 1902இல் இந்திய அரசு காட்டுப் பறவைகளின் தோல், இறகு ஏற்றுமதியையே தடைசெய்தது. ஆயினும் வாங்கும் சந்தையாகிய இலண்டன் திறந்தே கிடந்தது, கள்ளக்கடத்தலும் தொடர்ந்தது.

அச்சந்தையின் கதவை அடைக்க முயன்றோர் பெண்களே. 1889இல் எமிலி வில்லியம்சன் தொடங்கிய சங்கத்தில் சேர்ந்தோர், காட்டுப் பறவை இறகை அணியோம் என உறுதி பூண்டனர். 1921இல் இறகு இறக்குமதித் தடைச் சட்டம் நிறைவேறி, மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தது. உறுதிமொழி சட்டமாக முப்பத்திரண்டு ஆண்டுகள் பிடித்தன!

மலாயாவிலும் காப்பு மெல்ல விரிந்தது. பேராக்கின் சுங்கை வனவிலங்குக் காப்பகம் 1928இல் அமைந்தது. தியோடர் ஹப்பாக்கின் வனவிலங்கு ஆணைய அறிக்கை 1932இல் வெளிவந்தது. பின்னர் 1955, 1972, 2010ஆம் ஆண்டுகளில் புதுச்சட்டங்கள் பிறந்தன.

சுடுபவன், ஏற்றுபவன், அணிபவன் என இவ்வாணிகத்துக்கு மூன்று வாயில்கள். முதல் வாயிலை மட்டும் அடைத்த சட்டம் எங்கும் தோற்றது. இன்றும் பேராக்கின் பெலும்–தெமெங்கோர் காட்டில் பத்து வகை இருவாட்சிகள் வாழ்கின்றன. அவற்றுள் ஒருவகையின் அலகுக்கொண்டையை அணிகலனாகச் செதுக்க விரும்புவோர் உள்ளவரை, கள்ளவேட்டைக்காரன் காட்டுக்குள் வந்துகொண்டேயிருப்பான். ஆதலின் மாணவர்க்குப் பேகன் கதை சொல்லும் ஆசிரியர், அத்தோடு இவ்வரலாற்றையும் சொல்வாராக.