காந்தம் இழுக்கும் மருந்து: புற்றுநோய்ச் சிகிச்சையில் நனோ துணிக்கைகள் எதுவரை வந்துள்ளன?

'காந்தத்தால் புற்றுநோய் குணமாகும்' என்ற தகவல் வட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி சுற்றுகிறது. சில பதிவுகளின் கீழே காந்த வளையல் விற்பனை விளம்பரமும் இருக்கும். நான் படித்தது ஊடகக் கற்கை, மருத்துவம் அல்ல. ஆனாலும் இந்தப் பதிவுகளின் பின்னால் உண்மையான ஆய்வு ஒன்று இருக்கிறது என்பதால் அதனைத் தேடி வாசித்தேன். அந்த ஆய்வு வேறு, அந்த வளையல் வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணி ஒருவர் தனது சிகிச்சையைத் தள்ளிப்போட்டால் இழப்பு அவருக்குத்தான்.

முதலில் பிரச்சினையைப் பார்ப்போம். கீமோதெரபி மருந்து நரம்பில் ஏற்றப்பட்டதும் குருதியோடு உடல் முழுவதும் செல்கிறது. வேகமாகப் பெருகும் கலங்களை அது தாக்குகிறது. புற்றுநோய்க் கலங்கள் மட்டுமல்ல, மயிர்க்கால்களும் எலும்பு மச்சையும் குடலின் உட்சுவரும் அதில் அகப்படுகின்றன. டொக்சோரூபிசின் என்ற சிவப்பு நிற மருந்து அளவு கூடினால் இதயத்தையும் பாதிக்கும். கட்டி இருக்கும் இடத்துக்கு மட்டும் மருந்தை அனுப்ப முடிந்தால் குறைந்த அளவே போதும், பக்கவிளைவும் குறையும். காந்தத் துணிக்கைகள் பற்றிய ஆய்வுகள் தொடங்கியது இந்த எண்ணத்தில்தான்.

இதற்குப் பெரும்பாலும் பயன்படுவது இரும்பு ஒட்சைட்டு. துணிக்கையின் மையப்பகுதி சுமார் 10 நனோமீற்றர் அளவு. மனிதத் தலைமுடியின் தடிப்பு ஏறத்தாழ 80,000 நனோமீற்றர். இவ்வளவு சிறிதாகும்போது இரும்பு ஒட்சைட்டுக்கு ஒரு வசதியான குணம் வருகிறது. வெளியே காந்தம் இருக்கும்வரை அது இழுபடும், காந்தத்தை அகற்றியதும் காந்தத்தன்மையை இழந்துவிடும். ஆகவே சிகிச்சை முடிந்த பின் துணிக்கைகள் காந்தங்களாக ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருக்காது.

ஆனால் பூச்சில்லாத துணிக்கையை அப்படியே குருதியில் விட முடியாது. அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். குருதிப் புரதங்கள் அவற்றின்மீது படியும், ஈரலிலும் மண்ணீரலிலும் உள்ள விழுங்கும் கலங்கள் சில நிமிடங்களிலேயே அவற்றைப் பிடித்துவிடும். அதனால்தான் டெக்ஸ்ட்ரான், மாப்பொருள், பொலிஎதிலீன் கிளைக்கோல், சிலிக்கா போன்றவற்றால் பூச்சிடுகிறார்கள். பூச்சு துணிக்கைகள் திரளாமல் தடுக்கிறது, உடலின் காவற்கலங்களின் கண்ணில் படுவதைத் தாமதப்படுத்துகிறது, மருந்தையும் பிடித்து வைத்திருக்கிறது. கட்டியைச் சுற்றியுள்ள அமிலத்தன்மையிலோ வெப்பத்திலோ பிணைப்பு அறுந்து மருந்து வெளியேறும்படியும் பூச்சை அமைக்கிறார்கள்.

மனிதரில் இதைச் சோதித்த முதல் முயற்சிகளில் ஒன்று ஜேர்மனியின் பேர்லினில் நடந்தது. அதன் முடிவுகளை வைத்தியர் அந்திரேயாஸ் லூபே குழுவினர் 1996 இல் வெளியிட்டார்கள். முற்றிய புற்றுநோயுள்ள 14 பேருக்கு, எபிரூபிசின் மருந்து ஏற்றிய துணிக்கைகள் செலுத்தப்பட்டு, கட்டிக்கு அருகே வெளியிலிருந்து காந்தம் வைக்கப்பட்டது. நோயாளர்கள் அதனைத் தாங்கிக்கொண்டார்கள். ஆனால் ஏறத்தாழப் பாதிப்பேரில் மட்டுமே துணிக்கைகள் கட்டியைச் சென்றடைந்தன.

2000 ஆம் ஆண்டில் ஜேர்மனியில் முயல்களில் செய்யப்பட்ட ஆய்வொன்று நம்பிக்கை தந்தது. கட்டிக்குக் குருதி கொண்டுசெல்லும் நாடியினுள் துணிக்கைகளைச் செலுத்தியபோது, வழக்கமான மருந்தளவின் 20 முதல் 50 வீதத்துடனேயே கட்டிகள் மறைந்தன. ஆனால் அமெரிக்க நிறுவனமொன்று ஈரல் புற்றுநோயாளர்களில் நடத்திய பெரிய பரிசோதனை, எதிர்பார்த்த பலன் கிடைக்காமல் 2004 இல் நிறுத்தப்பட்டது.

தடை எங்கே? காந்தத்தின் இழுவை தூரம் கூடக்கூட மிக வேகமாகக் குறையும். தோலுக்கு அருகிலுள்ள கட்டிக்கு அது எட்டும், வயிற்றின் ஆழத்திலுள்ள கட்டிக்கு எட்டாது. நாடிகளில் வேகமாக ஓடும் குருதியும் துணிக்கைகளை அடித்துச் செல்லும். இது காந்தத் துணிக்கைக்கு மட்டுமான சிக்கலும் அல்ல. பத்து வருடக் காலத்தில் வெளியான நனோ மருந்து ஆய்வுகளைத் தொகுத்து ரொறன்ரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016 இல் வெளியிட்ட கணக்கின்படி, செலுத்தப்பட்ட நனோ துணிக்கைகளில் கட்டியை அடைவது இடைநிலையாக 0.7 வீதமே.

இந்தத் துணிக்கைகள் வேறு வழிகளில் வைத்தியசாலைக்கு வந்திருக்கின்றன. மூளைக் கட்டிக்குள் நேரடியாகச் செலுத்தி, மாறும் காந்தப்புலத்தால் சூடாக்கும் முறைக்கு 2010 இல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது. அது வெப்பச் சிகிச்சை, மருந்து விநியோகம் அல்ல. பூச்சிட்ட இரும்பு ஒட்சைட்டான ஃபெருமொக்சிற்றோல், சிறுநீரக நோயாளரின் இரும்புக் குறைபாட்டுக்கென 2009 இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. உயிராபத்தான ஒவ்வாமை ஏற்பட்டதால் 2015 இல் அதற்குக் கடும் எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. இரும்பு உடலுக்குப் பழக்கமானது என்பதால் மட்டும் துணிக்கை பாதுகாப்பானதாகிவிடாது.

காந்த வளையலுக்கு வருவோம். மேலே சொன்ன ஆய்வுகள் எல்லாவற்றிலும் காந்தம் இழுப்பது உடலுக்குள் செலுத்தப்பட்ட துணிக்கையைத்தான். வளையல் அணிபவரின் உடலில் இழுப்பதற்கு அப்படி எதுவும் இல்லை. குருதியிலுள்ள இரும்பு ஆணியைப்போல் காந்தத்தில் ஒட்டாது. ஒட்டுமென்றால், வளையலைவிடப் பல மடங்கு வலிமையான காந்தமுள்ள எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் எவரும் படுக்க முடியாது.

அடுத்த முறை 'புற்றுநோய்க்குப் புதிய காந்த மருந்து' என்ற செய்தியைக் கண்டால் சில கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். சோதிக்கப்பட்டது எலியிலா, மனிதரிலா? எத்தனை பேரில்? கட்டி எவ்வளவு ஆழத்தில் இருந்தது? துணிக்கை நரம்பில் செலுத்தப்பட்டதா, நேரே கட்டியிலா? பதில் செய்தியில் இல்லாவிட்டால் அந்தச் செய்தியை வைத்தியரிடம் காட்டிக் கேளுங்கள். அதுவரை, குறித்த திகதியில் போடவேண்டிய ஊசியைத் தவறவிடாதீர்கள்.