எந்த முகாம்? போருக்குப் பிந்தைய ஐரோப்பாவும் இடம்பெயர்ந்தோர் சிறுகதைகளும்

முதுகலை வகுப்பில் உலகச் சிறுகதைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது மாணவர் ஒருவர் எழுப்பிய ஐயமே இக்கட்டுரைக்குத் தொடக்கம். போலந்து எழுத்தாளர் ததேயுஷ் போரோவ்ஸ்கியின் கதை ஒன்றின் சுருக்கத்தை அப்போதுதான் சொல்லி முடித்திருந்தோம். "முகாம், முகாம் என்கிறீர்களே ஐயா, அது எந்த முகாம்? கொல்வதற்கு வைத்ததா, காப்பாற்றுவதற்கு வைத்ததா?" என்று கேட்டார் அவர். தமிழில் இரண்டிற்கும் ஒரே சொல்தான். வதைமுகாம், அகதி முகாம் என்று முன்னொட்டைச் சேர்த்துத்தான் வேறுபடுத்துகிறோம். மொழியின் போதாமை என்று அதனை முதலில் நாம் கருதினோம். பிறகு அக்கதைகளை மீண்டும் படித்தபோது, மாணவரின் கேள்விதான் அவற்றின் மையக் கேள்வி என்பது புலப்பட்டது.

1945 மே மாதத்தில் ஐரோப்பாவில் போர் முடிந்தது. ஆனால், போர் இடம்பெயர்த்த மக்கள் அன்றைக்கே வீடு திரும்பிவிடவில்லை. ஜெர்மனியின் ஆலைகளிலும் வயல்களிலும் கட்டாய உழைப்புக்குக் கொண்டுவரப்பட்ட போலந்துக்காரர்கள், உக்ரைனியர்கள், பிரெஞ்சுக்காரர்கள், வதைமுகாம்களில் எஞ்சிய யூதர்கள், போர்க்கைதிகள் எனப் பல இலட்சக்கணக்கானோர் நேச நாடுகளின் படைகள் கைப்பற்றிய நிலப்பரப்பில் இருந்தனர். இவர்களுக்கு நிர்வாகம் சூட்டிய பெயர் 'இடம்பெயர்ந்தோர்'. ஆங்கில முதலெழுத்துகளைக் கொண்டு 'டி.பி.' என்றும் அழைத்தனர். பெரும்பாலோர் சில மாதங்களுக்குள் ஊர் திரும்பினர். 1945 பிப்ரவரியில் யால்டாவில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி சோவியத் குடிமக்கள் பலர் அவர்களுடைய விருப்பத்திற்கு மாறாகவே திருப்பி அனுப்பப்பட்டனர். அதற்குப் பின்னும் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் திரும்ப மறுத்தோ, திரும்ப ஊரில்லாமலோ முகாம்களில் தங்கினர். யூதர்களுக்கான கடைசி முகாமான ஃபோரன்வால்ட் மூடப்பட்டது 1957இல்தான். போர் ஆறாண்டு நடந்தது என்றால், அதன் முகாம் வாழ்க்கை பன்னிரண்டு ஆண்டு நீடித்தது என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும்.

இக்காலத்தைப் பற்றிப் பெரும் நாவல்கள் பல உள்ளன. எனினும், சிறுகதை இதற்கு ஏற்ற வடிவமாக அமைந்ததற்குக் காரணம் உண்டு. நாவலுக்கு ஒரு வீடு, ஒரு தெரு, இரண்டு தலைமுறை தேவைப்படுகிறது. முகாமில் இருப்பவருக்கோ நேற்று அழிந்துவிட்டது. நாளை யாரோ ஓர் அதிகாரியின் மேசையில் இருக்கிறது. எஞ்சியிருப்பது இன்றைய ஒரு நாள் மட்டுமே. அந்த ஒரு நாளைச் சொல்லச் சிறுகதை போதும்.

*

போரோவ்ஸ்கி 1922இல் சோவியத் உக்ரைனின் ழித்தோமிரில் பிறந்தவர். சிறுவயதிலேயே தந்தை வெண்கடல் கால்வாய்ப் பணிக்கும், பின்னர்த் தாய் சைபீரியாவுக்கும் கொண்டுசெல்லப்பட்டனர். 1930களின் முற்பகுதியில் குடும்பம் போலந்தில் ஒன்றுசேர்ந்தது. 1943இல் நாஜிகளால் கைதாகி ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார். 1945 வசந்தத்தில் டாக்காவ் முகாமின் கிளையொன்றிலிருந்து விடுவிக்கப்பட்டபோது அவருக்கு வயது 22. விடுதலை பெற்றவர் நேரே சென்று சேர்ந்த இடம் இன்னொரு முகாம். மியூனிக் அருகே ஃப்ரைமானில் எஸ்.எஸ். படையினர் குடியிருந்த பழைய படைவீடு அது. இப்போது அமெரிக்கரின் காவலில் இடம்பெயர்ந்தோரின் குடியிருப்பாக மாறியிருந்தது.

1946இல் மியூனிக்கில், உடனிருந்த இரு கைதிகளோடு சேர்ந்து 'நாங்கள் ஆஷ்விட்ஸில் இருந்தோம்' என்னும் நூலை அவர் வெளியிட்டார். அதன் படிகள் சிலவற்றுக்குக் கைதிகளின் கோடு போட்ட சீருடைத் துணியையே அட்டையாகக் கட்டியிருந்தனர். ஆஷ்விட்ஸ் கதைகளால்தான் உலகம் போரோவ்ஸ்கியை அறியும். நாம் இங்கு எடுத்துக்கொள்வது விடுதலைக்குப் பிந்தைய நாள்களைச் சொல்லும் 'கிரன்வால்ட் போர்' என்ற கதையை.

1410இல் டியூட்டானிய வீரர்களைப் போலந்து முறியடித்த கிரன்வால்ட் வெற்றியை முகாம்வாசிகள் கொண்டாடுகின்றனர். அணிவகுப்பு, பூசை, பாட்டு, நெருப்பு எல்லாம் உண்டு. கதைசொல்லி இவற்றைச் சன்னல் வழியே கசப்போடு பார்க்கிறான். ஐந்நூறு ஆண்டுக்கு முந்தைய வெற்றியைக் கொண்டாடும் இவர்களால் முகாமின் வாயிலைத் தாண்டிச் சுதந்திரமாகப் போக முடியவில்லை. போலந்தை விட்டு வந்த நீனா என்னும் யூத இளம்பெண் அங்கு வந்து சேர்கிறாள். இருவரும் முகாமுக்கு வெளியே உலாவப் போகிறார்கள். திரும்பும்போது அமெரிக்கக் காவலனின் துப்பாக்கிக்கு அவள் இரையாகிறாள். வருத்தம் தெரிவிக்கும் அதிகாரியிடம், ஐரோப்பாவில் இதெல்லாம் எங்களுக்குப் பழகிப்போனது, ஆறாண்டு ஜெர்மானியர் சுட்டனர், இப்போது நீங்கள் சுட்டீர்கள் என்னும் பொருள்பட அவன் பதில் சொல்கிறான்.

அமெரிக்கரையும் நாஜிகளையும் ஒரே தட்டில் வைக்கும் அரசியல் அன்று இது. கொலைக்கூடத்தை நேரில் கண்டவருக்கு வேறுபாடு நன்றாகவே தெரியும். அவர் காட்டுவது வேறு. மனிதனை எண்ணாக, அட்டையாக, வரிசையில் நிற்பவனாக ஆக்கிவிட்ட பிறகு, காப்பவன் கையிலும் துப்பாக்கி தவறுதலாக வெடிக்கும். தவறுதலாக வெடித்ததற்கு வருத்தம் தெரிவித்தாலே கணக்கு முடிந்துவிடும். மாணவர் கேட்ட 'எந்த முகாம்?' என்ற கேள்வியை இக்கதை எண்பது ஆண்டுக்கு முன்பே கேட்டுவிட்டது.

போரோவ்ஸ்கி 1946இல் நாடு திரும்பினார். மேற்கிலேயே தங்கியிருக்கலாம், தங்கவில்லை. முகாமில் பிரிந்து, பிழைத்து, ஸ்வீடனில் இருந்த மரியாவும் திரும்பினார், இருவரும் மணந்துகொண்டனர். 1948இல் இரு கதைத் தொகுதிகள் வெளிவந்தன. பிறகு அவர் கட்சிக்காக எழுதும் பத்திரிகையாளரானார். 1951 ஜூலையில், மகள் பிறந்த சில நாள்களுக்குள், 28 வயதில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அதே 1951இல்தான் அவருடைய நாட்டுக் கவிஞர் செஸ்வாவ் மிவோஷ் பாரிஸில் அடைக்கலம் கோரினார். 1953இல் வெளியிட்ட 'சிறைப்பட்ட மனம்' நூலில், பெயர் சொல்லாமல் 'பீட்டா' என்று போரோவ்ஸ்கியின் கதையை எழுதினார். ஒருவர் திரும்பி அழிந்தார்; ஒருவர் திரும்பாமல் பிழைத்தார். எது சரியான முடிவு என்று தொலைவிலிருந்து தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமையில்லை.

*

இனி, மறுபக்கம். 1945 ஆகஸ்டில் போட்ஸ்டாம் மாநாடு போலந்தின் எல்லையை மேற்கே நகர்த்தியது. கிழக்குப் பிரஷ்யா, சிலேசியா, சுடேட்டன்லாந்து முதலிய பகுதிகளிலிருந்து தப்பியோடியும் துரத்தப்பட்டும் வந்த ஜெர்மானியர் ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் பேர். நேச நாடுகளின் பட்டியலில் இவர்கள் 'இடம்பெயர்ந்தோர்' அல்லர். பன்னாட்டு நிவாரண அமைப்புகளின் உதவிக்கு இவர்கள் உரியவராகக் கருதப்படவில்லை.

சீக்ஃப்ரீட் லென்ஸ் கிழக்குப் பிரஷ்யாவின் மசூரியப் பகுதியிலுள்ள லிக் என்னும் சிற்றூரில் 1926இல் பிறந்தார். இன்று அவ்வூர் போலந்தின் எல்க். கடற்படையிலிருந்து போரின் இறுதியில் தப்பியோடியவர். 1955இல் அவர் வெளியிட்ட 'சூலய்கென்' கதைகள் மசூரியாவில் உள்ளதாகக் கற்பனை செய்யப்பட்ட ஒரு சிற்றூரைப் பற்றியவை. ஊரை இழந்தவர் எழுதியது என்றதும் நாம் ஒப்பாரியை எதிர்பார்ப்போம். இருப்பதோ நகைச்சுவை. முதல் கதையில் 71 வயதில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்ட ஹமில்கர் ஷாஸ் என்ற தாத்தா வருகிறார். படைத்தலைவன் ஒருவன் ஆட்களோடு ஊருக்குள் நுழைகிறான். ஊரே ஓடி ஒளிகிறது. கிழவரோ புத்தகத்திலிருந்து கண்ணை எடுப்பதாயில்லை. இழப்பு, துரத்தல், எல்லை என்ற பேச்சே கதைகளில் இல்லை. ஆனால், 1955இன் ஜெர்மன் வாசகர் ஒவ்வொருவருக்கும் அவ்வூர் இனி இல்லை என்பது தெரியும். சொல்லாமல் விட்டதே அங்கு சோகமாகிறது.

இவ்விடத்தில் நண்பர்கள் சிலர் ஒரு மறுப்பை எழுப்பக்கூடும். ஆஷ்விட்ஸிலிருந்து வந்தவரின் கதைக்கு அருகில், ஆஷ்விட்ஸை நடத்திய நாட்டவரின் வீட்டு ஏக்கத்தை வைக்கலாமா? நியாயமான மறுப்பு. துன்பங்களை எடை போட்டுச் சமன் செய்வது வரலாற்றுக்குச் செய்யும் துரோகம். இந்த ஆபத்தை லென்ஸும் உணர்ந்திருந்தார். துரத்தப்பட்டோரின் சங்கங்கள் பழைய எல்லையைத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தபோது, 1970 டிசம்பரில் அந்த எல்லையை ஏற்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வார்சாவுக்குச் சென்ற பிரதமர் வில்லி பிராண்டுடன், குந்தர் கிராஸும் லென்ஸும் உடன் சென்றனர். பிறந்த ஊரை இழந்ததாகக் கையெழுத்திடும் நிகழ்வுக்கு அவ்வூர் எழுத்தாளரே சாட்சியாகப் போனார். ஊரைக் கதையில் வைத்துக்கொள்ளலாம். அதன் பேரில் இன்னொருவரை மீண்டும் துரத்தக் கூடாது என்பதே அதன் பொருள். ஏக்கத்தை உரிமைக் கோரிக்கையாக மாற்றாத இந்தப் பண்பே அவரைப் போரோவ்ஸ்கியின் பக்கத்தில் வைத்துப் படிக்க நமக்கு இடமளிக்கிறது.

*

போரோவ்ஸ்கி பிறந்த அதே 1922இல் கனடாவின் மான்ட்ரியலில் பிறந்தவர் மேவிஸ் கலான்ட். 1950இல் தாமே விரும்பி ஐரோப்பா சென்று, 2014இல் இறக்கும்வரை பாரிஸில் வாழ்ந்தார். துரத்தப்படாதவர் என்பதால் துரத்தப்பட்டவர்களை அருகிலிருந்து நிதானமாகப் பார்க்க அவரால் முடிந்தது. 'தாமதமாய்த் திரும்பியவன்' என்று நாம் பெயர்க்கத்தக்க கதையில், பிரான்சில் போர்க்கைதியாக இருந்த ஜெர்மன் இளைஞன் 1950இல்தான் பெர்லினுக்கு வருகிறான். பையனாகப் போனவன் ஆளாகத் திரும்புகிறான். தாய் மறுமணம் செய்துகொண்டிருக்கிறாள். வீடு இருக்கிறது, தாய் இருக்கிறாள், மொழி இருக்கிறது. அவனுக்கென்று விட்டுவைத்த இடம்தான் இல்லை. வந்து சேர்ந்த பிறகு, இன்னும் வந்து சேராத அந்த இரயில் பயணத்துக்கே திரும்பிவிட்டால் தேவலை என்று அவன் மனம் ஏங்குகிறது. அயல்நாட்டில் மட்டுமல்ல, சொந்த வீட்டுக் கூடத்திலும் ஒருவர் புலம்பெயர்ந்தவராக இருக்கக்கூடும் என்பதை இதைவிட அடங்கிய குரலில் சொன்ன கதையை நாம் படித்ததில்லை.

அடுத்த அலை 1956இல் எழுந்தது. ஹங்கேரியின் எழுச்சி சோவியத் படைகளால் நசுக்கப்பட்டபோது ஏறத்தாழ 2 இலட்சம் பேர் வெளியேறினர். அவர்களுள் ஒருவர் 21 வயதுத் தாயான அகோதா கிறிஸ்தோஃப். கைக்குழந்தையோடு இரவில் எல்லையைக் கடந்தபோது இரண்டு பைகள் இருந்ததாகவும், ஒன்றில் குழந்தைக்கு வேண்டியவை, மற்றொன்றில் அகராதிகள் என்றும் பின்னாளில் எழுதினார். சுவிட்சர்லாந்தின் நூஷாத்தெல்லில் கடிகாரத் தொழிற்சாலையில் ஐந்தாண்டு வேலை செய்தார். நான்கு வயதிலேயே படிக்கத் தெரிந்தவர், புதிய மொழியில் மீண்டும் எழுத்தறியாதவரானார். பிரெஞ்சு மொழியை அவர் பகைமொழி என்றே கருதினார். தாய்மொழியை அது தமக்குள் கொன்றுவருகிறது என்பது அவர் மனக்குறை. அவருடைய குறுங்கதைகளின் வாக்கியங்கள் குட்டையானவை, அணியற்றவை. அது பாணியாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டதன்று. கடன்வாங்கிய மொழியில் ஒவ்வொரு சொல்லையும் தட்டிப் பார்த்துக் காலூன்றியவரின் நடை.

*

பட்டினப்பாலை 'புலம்பெயர்' என்னும் சொல்லைக் காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து தங்கிய பிறநாட்டாருக்கு ஆள்கிறது. அது வணிகத்தின் பொருட்டு விரும்பிப் பெயர்ந்த பெயர்ச்சி. அதே சொல் இன்று விரட்டப்பட்டோரைக் குறிக்கிறது. இப்பொருள் மாற்றத்துக்கும் மேலே சொன்ன ஐரோப்பிய வரலாற்றுக்கும் நேரான தொடர்பொன்று உண்டு.

1951 ஜூலை 28 அன்று ஜெனிவாவில் உருவான அகதிகள் உடன்படிக்கை, அந்த மியூனிக் முகாம்களைப் போன்றவற்றின் எச்சத்தைத் தீர்க்கவே எழுதப்பட்டது. 1951 ஜனவரி 1க்கு முன் நிகழ்ந்தவற்றால் அகதியானோருக்கு மட்டுமே அது பொருந்தும் என்று வரம்பு கட்டினர். ஹங்கேரியர் வந்தபோது, அவர்களை விரட்டிய காரணத்தின் வேர் 1951க்கு முந்தையது என்று விளக்கம் கூறி இடமளித்தனர். 1967இன் நெறிமுறை அந்த ஆண்டு வரம்பையே நீக்கியது. 1983க்குப் பின் ஈழத்தமிழர் பாரிஸிலும் சூரிச்சிலும் பெர்லினிலும் அடைக்கலம் கோரி நின்றது இந்தச் சட்டத்தின் வாசலில்தான். ஐரோப்பாவின் இடம்பெயர்ந்தோருக்காக வரையப்பட்ட ஒரு தாள், முப்பது ஆண்டு கழித்துத் தமிழில் ஒரு புதிய சிறுகதை மரபு உருவாகவும் காரணமாயிற்று. புலம்பெயர் இலக்கியம் என்று நாம் இன்று பாடம் வைக்கும் கதைகளில் வரும் நேர்காணல் அறைகள், மொழிபெயர்ப்பாளர்கள், நிராகரிப்புக் கடிதங்கள் ஆகியவற்றுக்கு முன்கதை ஃப்ரைமான் படைவீட்டில் இருக்கிறது.

ஆகவே, அந்த மாணவருக்கு நாம் தாமதமாகச் சொன்ன பதில் இதுதான். கொல்லும் முகாமும் காக்கும் முகாமும் ஒன்றல்ல. ஒன்றென்று சொல்வது இறந்தவர்களுக்கு இழைக்கும் அநீதி. ஆனால், காக்கும் முகாம் எப்போது வீடாக மாறும் என்று உள்ளே இருப்பவர் கேட்கும் கேள்விக்குக் காப்பவரிடம் பதில் இல்லாதபோது, கதை தொடங்குகிறது. போரோவ்ஸ்கி இரண்டு முகாமையும் பார்த்தார். தமிழ்ச்சொல் அந்த வேறுபாட்டைக் காட்டாமல் விட்டது போதாமையா என்று இப்போது நமக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. வாசகர்கள் இக்கதைகளைத் தேடிப் படித்துத் தாங்களே முடிவு செய்ய வேண்டுகிறோம்.