இலித்தியம் கோபால்ட்டு ஆக்சைடு நேர்முனையின் எதிர்மின்னிக் கட்டமைப்பு மாற்றங்கள்

இலித்தியம் கோபால்ட்டு ஆக்சைடு நேர்முனையின் எதிர்மின்னிக் கட்டமைப்பு மாற்றங்கள் என்பது, இலித்தியம்-அயனி மின்கலத்தை மின்னேற்றும்பொழுது அதன் நேர்முனைப் பொருளிலுள்ள எதிர்மின்னிகளின் ஆற்றல் நிலைகளில் ஏற்படும் மாற்றங்களைக் குறிக்கும். பள்ளிப் பாடநூல்களில் எலக்ட்ரான் என வழங்கும் துகளே இங்கு எதிர்மின்னி எனப்படுகின்றது. மின்கலத்தின் மின்னழுத்தம், கொள்ளளவு, மிகையாக மின்னேற்றினால் தீப்பற்றும் இயல்பு ஆகிய மூன்றும் இம்மாற்றங்களைச் சார்ந்தவை.

கேத்தோடு என்பதை எதிர்மின்வாய் என மொழிபெயர்ப்பது பாடநூல் வழக்கு. அது மின்னாற்பகுப்புக்குப் பொருந்தும். ஆனால் மின்னிறக்கம் அடையும் மின்கலத்தில் கேத்தோடே நேர்மின் பக்கத்தில் உள்ளது. இக்குழப்பத்தைத் தவிர்க்க இக்கட்டுரையில் நேர்முனை, எதிர்முனை என்னும் சொற்களே பயன்படுத்தப்படுகின்றன.

வரலாறு

1970களில் இசுட்டான்லி விட்டிங்காம் தைட்டானியம் டைசல்பைடை நேர்முனையாகக் கொண்ட இலித்தியம் மின்கலத்தை உருவாக்கினார். அதன் மின்னழுத்தம் ஏறத்தாழ 2.5 வோல்ட்டைத் தாண்டவில்லை. சல்பைடுகளில் கந்தகத்தின் நிரம்பிய ஆற்றல் பட்டை உயரத்தில் அமைந்திருப்பதே இதற்குக் காரணம் என்றும், ஆக்சிசனின் பட்டை அதனினும் தாழ்வாக உள்ளதால் ஆக்சைடுகள் கூடுதல் மின்னழுத்தம் தரும் என்றும் சான் குடினஃப் கருதினார். 1980இல் ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தில் அவரும் கோயிச்சி மிசுசிமாவும் உடன்பணியாளர்களும் இலித்தியம் கோபால்ட்டு ஆக்சைடு ஏறத்தாழ 4 வோல்ட்டு தருவதைக் காட்டினர். 1985இல் அகிரா யோசினோ இதனுடன் கரிம எதிர்முனையை இணைத்தார். 1991இல் சோனி நிறுவனம் இத்தகைய மின்கலங்களை விற்பனைக்குக் கொண்டு வந்தது. விட்டிங்காம், குடினஃப், யோசினோ மூவரும் 2019ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசைப் பெற்றனர்.

மின்னேற்றத்திற்கு முன்

இச்சேர்மம் அடுக்கமைப்பு உடையது. கோபால்ட்டு, ஆக்சிசன் அணுக்களாலான தகடுகளுக்கு இடையே இலித்தியம் அயனிகள் அமைந்துள்ளன. ஒவ்வொரு கோபால்ட்டு அயனியையும் ஆறு ஆக்சிசன்கள் எண்முக வடிவில் சூழ்ந்துள்ளன. இச்சூழலில் கோபால்ட்டின் ஐந்து 3டி ஆர்பிட்டால்கள் ஆற்றலில் தாழ்ந்த மூன்றாகவும் உயர்ந்த இரண்டாகவும் பிரிகின்றன. +3 நிலையிலுள்ள கோபால்ட்டின் ஆறு டி எதிர்மின்னிகளும் தாழ்ந்த மூன்றையும் முழுமையாக நிரப்பி விடுகின்றன. உயர்ந்த இரண்டும் வெறுமையாக உள்ளன. நிரம்பிய பட்டைக்கும் வெறும் பட்டைக்கும் இடையே ஆற்றல் இடைவெளி இருப்பதால், மின்னேற்றாத நிலையில் இப்பொருள் மின்சாரத்தை நன்கு கடத்துவதில்லை.

மின்னேற்றத்தின்போது

மின்னேற்றும்பொழுது இலித்தியம் அயனிகள் நேர்முனையை விட்டு வெளியேறி, மின்பகுளி வழியாக எதிர்முனையை அடைகின்றன. அயனி ஒன்றுக்கு ஓர் எதிர்மின்னி வெளிச்சுற்று வழியே செல்கின்றது. அந்த எதிர்மின்னி நிரம்பிய பட்டையின் உச்சியிலிருந்து எடுக்கப்படுவதால் அங்கு ஒரு துளை உண்டாகின்றது. எளிய விளக்கத்தில், +3 நிலையிலிருந்த கோபால்ட்டு +4 நிலையை அடைகின்றது என்பர்.

துளைகள் பெருகியதும் ஒரு குறிப்பிடத்தக்க மாற்றம் நிகழ்கின்றது. இலித்தியத்தின் அளவு முழு அளவில் ஏறத்தாழ 0.94 பங்கிலிருந்து 0.75 பங்கு வரை குறையும் இடைவெளியில், கடத்தாத பகுதிகளும் மாழையைப் போல் கடத்தும் பகுதிகளும் ஒரே துகளில் அருகருகே இருக்கின்றன. அதனால் மின்னழுத்தம் 3.9 வோல்ட்டு அருகில் சமதளமாக நிற்கின்றது. 0.75க்குக் கீழே பொருள் முழுதும் மாழைத் தன்மை பெறுகின்றது. 2004இல் மரியனெட்டி, கோட்லியர், செடர் ஆகியோர் இதை ஒரு மாட் நிலைமாற்றமாக விளக்கினர். பயனருக்கு இது நல்வாய்ப்பே: மின்னேற்றம் தொடங்கிய சிறிது நேரத்தில் நேர்முனை தானாகவே நல்ல கடத்தி ஆகிவிடுகின்றது.

எதிர்மின்னியைத் தருவது எந்த அணு?

கோபால்ட்டு +4 ஆகின்றது என்பது கணக்கு வைப்பதற்கு உதவும் சொல்வழக்கு மட்டுமே. கோபால்ட்டின் 3டி நிலைகளும் ஆக்சிசனின் 2பி நிலைகளும் வலுவாகக் கலந்திருப்பதால் துளையில் ஆக்சிசனுக்கும் பெரும் பங்கு உண்டு. கெர்பிராண்ட் செடர் குழுவினர் 1998இல் இதற்கு நல்ல சான்று அளித்தனர். கோபால்ட்டின் ஒரு பகுதிக்கு மாற்றாக அலுமினியத்தைச் சேர்த்தபொழுது மின்னழுத்தம் உயர்ந்தது. அலுமினியத்தின் +3 நிலை மாறாதது. ஆகவே மின்னூட்டப் பரிமாற்றத்தில் ஆக்சிசன் பங்கேற்பது தெளிவாயிற்று. எக்சு-கதிர் உட்கவர் நிறமாலையிலும், மின்னேற்றத்தின்போது ஆக்சிசன் விளிம்புக்கு முற்பகுதியில் ஏற்படும் மாற்றங்கள் இதையே காட்டுகின்றன.

மின்னேற்ற எல்லை

இச்சேர்மத்தின் கோட்பாட்டுக் கொள்ளளவு கிராமுக்கு ஏறத்தாழ 274 மில்லியாம்பியர்-மணி. ஒரு மோல் எதிர்மின்னிகளின் மின்னூட்டமான 26.8 ஆம்பியர்-மணியை மோலார் நிறையான 97.9 கிராமால் வகுத்தால் இவ்வெண் கிடைக்கும். ஆயினும் 4.2 வோல்ட்டு எல்லையில் கிடைப்பது ஏறக்குறைய 140 மட்டுமே, அதாவது பாதியளவு இலித்தியமே பயன்படுகின்றது.

முதல் பாதியில், தகடுகளுக்கு இடையிலிருந்த நேர்மின் அயனிகள் குறைவதால் ஆக்சிசன் அடுக்குகள் ஒன்றையொன்று விலக்கி இடைவெளி விரிகின்றது. மேலும் மின்னேற்றினால் ஆக்சிசனின் எதிர்மின்னூட்டம் குறைந்து விலக்கம் தளர்கின்றது. இறுதியில் இடைவெளி விரைவாகச் சுருங்கித் துகள்களில் விரிசல் தோன்றுகின்றது. அதைவிடத் தீங்கானது, எதிர்மின்னியை இழந்த ஆக்சிசன் படிகத்தில் நிலைகொள்ள இயலாமை. பாதி இலித்தியம் நீங்கிய பொருளை ஏறத்தாழ 200 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கினால், அது இலித்தியம் கோபால்ட்டு ஆக்சைடாகவும் முக்கோபால்ட்டு நான்காக்சைடாகவும் சிதைந்து ஆக்சிசன் வளிமத்தை வெளியிடுகின்றது. மின்பகுளி எரியக்கூடிய கரிமக் கரைப்பான் என்பதால் தீக்குத் தேவையான இரண்டும் ஒரே உறைக்குள் சேர்ந்து விடுகின்றன. மின்னேற்றியிலும் மின்கலத்திலும் மின்னழுத்தக் கட்டுப்பாட்டுச் சுற்று வைக்கப்படுவது இதற்காகவே. மேற்பூச்சும் மாசூட்டலும் செய்து எல்லையை 4.4 வோல்ட்டு அளவுக்கு உயர்த்திய மின்கலங்கள் பின்னர் கைபேசிகளில் இடம்பெற்றன.

பிற நேர்முனைப் பொருட்கள்

1997இல் குடினஃப் குழுவினர் அறிவித்த இலித்தியம் இரும்பு பாசுபேட்டில் ஆக்சிசன் பாசுபரசுடன் வலுவாகப் பிணைந்துள்ளது. எதிர்மின்னி இரும்பிலிருந்தே வெளியேறுகின்றது. ஆக்சிசன் எளிதில் பிரிவதில்லை. மின்னழுத்தம் 3.4 வோல்ட்டு அளவே. மின்னேற்றத்திற்கு முன்னும் பின்னும் இது தாழ்ந்த கடத்தி என்பதால் துகள்களுக்குக் கரிமப் பூச்சு தேவைப்படுகின்றது.

இலித்தியம் மிகுந்த மாங்கனீசு ஆக்சைடுகளில் ஆக்சிசனே வேண்டுமென்றே எதிர்மின்னி வழங்கியாகப் பயன்படுத்தப்படுகின்றது. இவற்றின் கொள்ளளவு கிராமுக்கு 250 மில்லியாம்பியர்-மணியைத் தாண்டும். ஆனால் சுழற்சிக்குச் சுழற்சி மின்னழுத்தம் சரிகின்றது. துளைகள் ஆக்சிசன் அயனிகளிலேயே தங்குகின்றனவா, அல்லது ஆக்சிசன் மூலக்கூறுகள் உருவாகிப் படிகத்தின் நுண்வெற்றிடங்களில் சிறைப்படுகின்றனவா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உள்ளது.