எஞ்சின் உடைந்த பிறகு: 1985 மான்செஸ்டர் விபத்தில் உயிரிழப்பின் காரணங்கள்

1985 ஆகஸ்ட் 22 அன்று மான்செஸ்டர் விமான நிலையத்தில் நேர்ந்ததை 'புறப்படும்போது எஞ்சின் பழுது' என்று ஒரே வரியில் பதிவுசெய்வது வழக்கம். கிரேக்கத் தீவான கோர்ஃபுவுக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்டூர்ஸ் போயிங் 737-இல் 137 பேர் இருந்தனர். 55 பேர் இறந்தனர். விமானம் தரையை விட்டு எழும்பவேயில்லை. தீயணைப்பு வண்டிகளும் தாமதமின்றி வந்துவிட்டன. அப்படியிருந்தும் இத்தனை பேர் ஏன் இறந்தார்கள் என்ற கேள்விக்கு எஞ்சின் பழுது போதிய விடையாகாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

எஞ்சினில் நடந்தது தெளிவாகவே தெரியும். இடப்பக்க எஞ்சினின் எரிகலன் ஒன்றில் முன்பே விரிசல் கண்டு, பற்றவைத்துச் சரிசெய்திருந்தார்கள். அந்த எஞ்சின் மெதுவாகத்தான் வேகம் பிடிக்கிறது என்ற குறிப்பும் விபத்துக்கு முன்பே பதிவேட்டில் ஏறியிருந்தது. ஓடுபாதையில் அந்தக் கலன் பிளந்தது. தெறித்த துண்டு ஒன்று இறக்கையின் அடியிலிருந்த எரிபொருள் தொட்டியின் மூடித்தகட்டைத் துளைத்தது; கசிந்த எரிபொருள் தீப்பற்றியது. மோதலைத் தாங்குவதில் அந்தத் தகட்டின் வலு, சுற்றியிருந்த இறக்கைப் பரப்பின் வலுவில் ஏறத்தாழ கால் பங்குதான். ஆக, எஞ்சினுக்கு அடுத்த கண்ணியிலேயே இன்னொரு வடிவமைப்புக் குறை காத்திருந்தது.

எஞ்சின் ஒருநாள் பழுதாகும் என்று ஏற்றுக்கொண்டுதான் பயணிகள் விமானத்தை வடிவமைக்கிறார்கள். ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் முடிவு வேகம் ஒன்றைக் கணக்கிட்டு வைப்பது அதற்காகவே: அதற்குமுன் பழுதானால் நிறுத்த வேண்டும், கடந்துவிட்டால் மிஞ்சிய எஞ்சினைக் கொண்டு எழும்ப வேண்டும். விமானி முறைப்படியே நிறுத்தினார். டயர் வெடித்ததாக எண்ணியதால் பிரேக்கை ஓங்கி மிதிக்க வேண்டாம் என்றார். ஓடுபாதையை விட்டு வலப்புறம் திரும்பி நின்றார். அவர் அறிந்திருந்த அளவில் இதில் குறை காண இயலாது. ஆனால் அந்தத் திருப்பத்துக்குப் பின், வலுவற்ற காற்றே இடப்பக்கத் தீயை விமானத்தின் உடல்மீது சாய்க்கப் போதுமானதாக இருந்தது.

பெரும்பாலோர் இறந்தது புகையால். கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் கலந்த புகை அது. வெளியேறும் வழிகளோ ஒவ்வொன்றாகக் கைவிட்டன. முன்புற வலக்கதவு முதல் முயற்சியில் சிக்கிக்கொண்டது. முன்கதவுகளை அடையும் இடைவெளி 57 சென்டிமீட்டர்தான். ஒருவர் பின் ஒருவராகவே நுழையலாம். வலப்பக்க இறக்கை மீதான அவசர வழியின் மூடி சுமார் 22 கிலோ எடை. அதைத் திறக்க வேண்டிய பொறுப்பு பக்கத்து இருக்கைப் பயணியின் தலையில் விழுந்தது. திறந்ததும் மூடி உள்ளே சரிந்து அவரையே அழுத்தியது. பின்புற வலக்கதவு திறந்திருந்தும் அதன் வழியே ஒருவரும் தப்பவில்லை.

விரிசலை உரிய நேரத்தில் கண்டறிந்திருந்தால் ஒருவரும் இறந்திருக்க மாட்டார் என்று மறுக்கலாம். உண்மைதான். ஆனால் அந்த வாதம் அடுத்த விமானத்தின் அந்த ஒரு பாகத்தை மட்டுமே காக்கும். பிந்தைய சீர்திருத்தங்களின் போக்கு வேறு. பிரிட்டனின் கிரான்ஃபீல்ட் கல்வி நிறுவனத்தில் ஆய்வாளர் ஹெலன் மியூரின் குழுவினர், வெளியேற்றச் சோதனைகளில் பங்கேற்றவர்களில் முதலில் வெளியேறும் பாதிப் பேருக்கு 5 பவுண்டு ஊக்கத்தொகை அறிவித்து, நெரிசலைச் செயற்கையாக உண்டாக்கி ஆராய்ந்தார்கள். அவசர வழியருகே இடைவெளி கூடியது; தரையோர வழிகாட்டி விளக்குகள் வந்தன.

விசாரணையாளர்கள் பரிந்துரைத்த புகைக்கவசமோ பயணிகளுக்குக் கட்டாயமாகவில்லை. அதை அணியும் நேரம் வெளியேற்றத்தைத் தாமதப்படுத்தும் என்பது எதிர்வாதம். எளிதில் தள்ளக்கூடியதல்ல அது. எனினும் மான்செஸ்டரில் சிலர் நகர வழியின்றி இடைகழியிலேயே மயங்கி விழுந்தனர். அவர்களுடைய வெளியேற்றத்தைக் கவசம் தாமதப்படுத்தியிருக்கும் என்று வாதிட முடியாது.