சட்டைப்பையில் ஒரு மரக்கட்டை

1990களின் நடுவில், பாம் நிறுவனத்தைத் தொடங்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ் சட்டைப்பையில் ஒரு மரக்கட்டையுடன் நடமாடினார். திரை போல வரைந்த காகிதத்தை அதன்மேல் வைத்திருப்பார். மதியச் சாப்பாட்டுக்கு வர முடியுமா என்று யாராவது கேட்டால், கட்டையை வெளியே எடுத்து, குச்சியால் தட்டி, நாட்குறிப்பைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். இந்த அளவில் ஒரு கையடக்கக் கணினி இருந்தால் அதை எப்போதும் கூடவே எடுத்துப் போவோமா, ஒரு நாளில் எதற்கெல்லாம் கை அதைத் தேடும் என்று அறிய அவருக்கு மின்சுற்று எதுவும் தேவைப்படவில்லை.

ஆப்பிள் போன வழி வேறு. இப்படியொரு கையடக்க உதவியாளர் வரப்போகிறது என்று 1992 ஜனவரியில் லாஸ் வேகஸ் கண்காட்சியில் ஆப்பிளின் தலைவர் ஜான் ஸ்கல்லி ஊரறியச் சொல்லிவிட்டார். அந்தக் கருவியான நியூட்டன் மெசேஜ்பேட் கடைக்கு வந்தது 1993 ஆகஸ்டில். விலை சுமார் 700 டாலர். உயரம் 18 சென்டிமீட்டருக்கும் மேல், அகலம் 11க்கும் மேல். சட்டைப்பையில் நுழையாது. இதைத் தெரிந்துகொள்ள ஒரு தச்சரின் அரைநாள் உழைப்பு போதும் என்பதுதான் எனக்கு ஆற்றாமை. யார் எப்படி எழுதினாலும் கருவியே படித்துக்கொள்ளும் என்ற வாக்குறுதியும் பொய்த்தது. அது தப்பும் தவறுமாகப் படிப்பதை டூன்ஸ்பரி சித்திரத் தொடர் உடனே கேலி செய்தது. பிந்தைய மாதிரிகள் நன்றாகவே படித்தன. ஆனாலும் விழுந்த பெயர் விழுந்ததுதான். 1998 பிப்ரவரியில் நியூட்டன் நிறுத்தப்பட்டது.

ஹாக்கின்ஸை மேதை என்று சொல்லி இதை முடித்துவிடக் கூடாது. அதே 1993இல் அவருடைய நிறுவனம் மென்பொருள் எழுதித் தந்த ஸூமர் என்ற கருவியும் தோற்றது. அதை வாங்கியவர்களிடம் விசாரித்தபோதுதான், தங்களுக்குப் போட்டி கணினியல்ல, காகித டைரி என்பது பாம் குழுவுக்குப் புரிந்தது. பையில் அடங்க வேண்டும், 299 டாலரைத் தாண்டக் கூடாது, மேசைக் கணினியோடு தகவலைப் பரிமாற வேண்டும் என்ற வரையறைகள் அதிலிருந்து பிறந்தன. அவற்றின்படி 1996இல் வந்த பாமின் பைலட் கருவி ஒன்றரை ஆண்டுக்குள் 10 லட்சம் விற்றது.

ஆனால் மரக்கட்டையால் எல்லாவற்றையும் சோதிக்க முடியாது. ஒரு யோசனைக்குள் பல ஊகங்கள் இருக்கும். கூடவே எடுத்துப் போவோமா என்பதற்குக் கட்டை பதில் சொல்லும். கையெழுத்து விஷயத்தில் அது ஊமை. அங்கே ஹாக்கின்ஸின் ஊகம் ஆப்பிளுடையதற்கு நேர்எதிர்: எழுத்து பிழையில்லாமல் விழுமென்றால், மனிதர்களே கருவிக்கேற்ற எளிய கோடுகளைப் பழகிக்கொள்வார்கள். அப்படி உருவான கிராஃபிட்டி எழுத்துமுறையை, தன் கருவி தயாராகும்வரை பாம் பூட்டி வைக்கவில்லை. 1994இலேயே தனி மென்பொருளாக விற்றது. கையெழுத்தைத் தானே படிக்கும் என்று நம்பி நியூட்டன் வாங்கியவர்களில் சிலர், அதே நியூட்டனில் போட்டுக்கொள்ளக் காசு கொடுத்துக் கிராஃபிட்டியை வாங்கினார்கள். பைலட் அப்போது இன்னும் கடைக்கு வந்திருக்கவில்லை.