பச்சோந்தி உணவின் வரலாறு

வளர்ப்புப் பச்சோந்திகளுக்கு வெளியில் பிடித்த பூச்சிகளை உணவாகக் கொடுக்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. எந்தப் பூச்சி உணவு, எது நஞ்சு என்ற அறிவோ மிகவும் பிந்தியது. அதன் பெரும்பகுதி 20 ஆம் நூற்றாண்டில்தான் சேர்ந்தது.

காற்றை உண்ணும் விலங்கு

பச்சோந்தி உண்பதும் இல்லை, பருகுவதும் இல்லை. காற்றை மட்டுமே கொண்டு வாழ்கிறது என்று கி.பி. முதலாம் நூற்றாண்டில் உரோமானிய அறிஞர் பிளினி எழுதினார். இக்கருத்து ஐரோப்பாவில் நெடுங்காலம் நிலைத்தது. 1646 இல் ஆங்கிலேய மருத்துவர் தாமசு பிரௌன் இதை மறுத்தார். இரைப்பையும் நீண்ட நாக்கும் உள்ள விலங்கு காற்றால் வாழாது என்பது அவர் வாதம். 1669 இல் பிரான்சின் குளோட் பெரோ பச்சோந்தியின் உடற்கூற்று விவரத்தை வெளியிட்டார். பச்சோந்தி பூச்சியுண்ணி என்பது இவ்வாறு உறுதியாயிற்று.

மருந்து தெளித்த வயல்

1939 இல் பவுல் முல்லர் டி.டி.டி.யின் பூச்சிக்கொல்லும் ஆற்றலைக் கண்டறிந்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அது வயல்களில் பெருமளவு தெளிக்கப்பட்டது. பூச்சியின் உடலில் தங்கும் நஞ்சு அதைத் தின்னும் உயிர்களுக்கும் சென்று சேர்வதை 1962 இல் ரேச்சல் கார்சனின் நூல் பொதுமக்களுக்கு உணர்த்தியது. அமெரிக்கா 1972 இல் டி.டி.டி.யைத் தடை செய்தது. வேறு மருந்துகள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன. எனவே வயலில் பிடித்த வெட்டுக்கிளி நலமாகத் தோன்றினாலும் நம்பத்தக்கதன்று.

மின்மினியின் நஞ்சு

சில நஞ்சுகளைப் பூச்சியே உருவாக்குகிறது. 1978 இல் தாமசு ஐசுனரும் உடன் ஆய்வாளர்களும் வட அமெரிக்க மின்மினிகளில் லூசிபூஃபேஜின் என்னும் நச்சுப்பொருளை விவரித்தனர். இது தேரையின் நஞ்சை ஒத்தது, இதயத்தைத் தாக்குவது. 1999 இல் வெளியான ஆய்வொன்று, மின்மினியைத் தின்ற வளர்ப்புத் தாடி ஓணான்கள் இறந்ததைப் பதிவு செய்தது. தாடி ஓணானின் தாயகம் ஆத்திரேலியா. அமெரிக்க மின்மினியை விலக்கும் இயல்பு அதற்கு அமையவில்லை என்பது ஆய்வாளர் விளக்கம். ஆப்பிரிக்கா, மடகாசுகர் ஆகிய இடங்களிலிருந்து அமெரிக்க வீடுகளுக்குச் சென்ற பச்சோந்திகளுக்கும் இதே ஆபத்து உண்டு. அயல்நாட்டு விலங்கின் உள்ளுணர்வை நம்பி உணவிட முடியாது என்பதே இதன் பாடம்.

பண்ணைப் பூச்சிகள்

இவ்வாபத்துகளைத் தவிர்க்கப் பண்ணையில் வளர்த்த சிள்வண்டுகள் பயன்பட்டன. அவற்றில் சுண்ணாம்புச் சத்து குறைவு. அவற்றை மட்டுமே தின்னும் பச்சோந்தியின் எலும்பு வலுவிழக்கும். 2010 ஐ ஒட்டிய ஆண்டுகளில் தீநுண்மி நோயால் வட அமெரிக்கப் பண்ணைகளில் சிள்வண்டுகள் பெருந்தொகையில் மடிந்தன. பலவகைத் தழை தின்று வளரும் வெளிப்பூச்சிகளின் மதிப்பு இதனால் குறையவில்லை.

பாதுகாப்பான முறை

- பல ஆண்டுகளாக மருந்து தெளிக்காத புல்வெளியில் மட்டும் வலை வீசிப் பிடிக்க வேண்டும். சாலையோரமும் வயல் வரப்பும் ஆகா.
- பெயர் தெரியாத பூச்சியை விட்டுவிட வேண்டும்.
- மின்மினி, கம்பளிப்பூச்சி, குளவி, பளிச்சென்ற நிறமுள்ள வண்டு ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். எருக்கஞ்செடியில் வாழும் வண்ண வெட்டுக்கிளி அச்செடியின் நஞ்சை உடலில் சேர்த்து வைப்பது.
- பச்சோந்தியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரிய பூச்சியைக் கொடுக்கலாகாது.
- பிடித்த பூச்சிகளுக்கு ஒரு நாள் தூய தழை கொடுத்து, இறந்தவற்றை நீக்க வேண்டும். இதனால் எல்லா நஞ்சும் நீங்கிவிடாது.

இந்தியாவில் வாழும் பச்சோந்தி இனம் 1972 ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுகிறது. அதைப் பிடித்து வளர்ப்பது குற்றம். தமிழகத்தின் வேலியிலோ தோப்பிலோ காணும் பச்சோந்தி தன் இரையைத் தானே தேடிக்கொள்ளும். அதற்கு நாம் செய்யக்கூடிய உதவி, அவ்விடத்தில் மருந்து தெளிக்காமல் இருப்பதே.