வட ஆர்க்காட்டிலிருந்து ஃபிஜி வரை: ஒரு தீவு நாட்டின் மக்கள்தொகை வரலாறு, 1879–2017

காணிப்பாக்கம் இன்று ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. பாஹுதா நதிக்கரையில் வரசித்தி விநாயகர் கோயில் கொண்ட இந்த ஊர் 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. கூப்பிடு தூரத்தில் உள்ள சித்தூர் நகரம்தான் அன்று அந்த மாவட்டத்தின் தலைமையிடம். 1911 ஏப்ரலில் சித்தூர் தனி மாவட்டமானது. வட ஆர்க்காட்டின் தலைமையிடம் வேலூருக்குப் போயிற்று. பசிபிக் பெருங்கடலின் நடுவிலுள்ள ஃபிஜியின் மக்கள்தொகை வரலாற்றைப் படிப்பவர் இந்த எல்லை மாற்றத்தை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 1903 முதல் 1916 வரை சென்னைத் துறைமுகத்தில் ஃபிஜிக்குக் கப்பலேறிய ஒப்பந்தக் கூலிகளின் சொந்த மாவட்டங்களில் வட ஆர்க்காடு முன்வரிசையில் வருகிறது. சென்னை, கிருஷ்ணா, கோதாவரி, விசாகப்பட்டினம், தஞ்சாவூர், மலபார், கோயம்புத்தூர் ஆகியவை மற்றவை.

ஃபிஜி இந்தியரின் பெருக்கத்துக்கும் சுருக்கத்துக்கும் வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு. கப்பல் கப்பலாக வந்து தீவை நிறைத்தார்கள் என்பது ஒன்று. 1987இன் ராணுவ ஆட்சிக் கவிழ்ப்பு அவர்களை விரட்டியது என்பது மற்றொன்று. கணக்கெடுப்பு எண்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இரண்டும் பாதி உண்மையாகவே நிற்கின்றன. பெருக்கத்தின் பெரும்பகுதி கப்பல்கள் நின்ற பிறகு நேர்ந்தது. வளர்ச்சி வேகம் தளர்ந்ததோ, ராணுவம் நாடாளுமன்றத்துக்குள் நுழைவதற்கு இருபது ஆண்டுகள் முன்பே.

1874 அக்டோபர் 10 அன்று ஃபிஜி பிரிட்டிஷ் முடியாட்சியின் கீழ் வந்தது. அடுத்த ஆண்டே தட்டம்மை புகுந்தது. அந்நோயை அதுவரை அறியாத தீவுகளில் ஏறத்தாழ ஒன்றரை லட்சமாக மதிப்பிடப்பட்ட மண்ணின் மக்களில் சுமார் 40 ஆயிரம் பேர் சில மாதங்களில் மாண்டார்கள். முதல் ஆளுநர் ஆர்தர் கார்டன் இதற்கு முன் டிரினிடாடிலும் மொரீஷியஸிலும் ஆட்சி செய்தவர். இந்தியக் கூலிகளைக் கொண்டு கரும்புத் தோட்டம் நடப்பதை இரண்டு இடங்களிலும் பார்த்தவர். ஃபிஜி மக்களை அவர்கள் ஊரிலும் நிலத்திலும் இருத்திவிட்டு, தோட்டத்துக்கு ஆளை இந்தியாவிலிருந்து எடுப்பது என்று அவர் முடிவு செய்தார். நிலம் ஒரு சாராரிடமும் உழைப்பு இன்னொரு சாராரிடமும் நின்ற ஏற்பாட்டின் வேர் இந்த முடிவில் இருக்கிறது. பின்னாளில் இரு சாராரையும் தலை எண்ணிப் பகைக்க வைத்ததும் இதுதான் என்பது என் கருத்து.

1879 மே 14 அன்று ‘லியோனிடாஸ்’ கப்பல் கல்கத்தாவிலிருந்து 463 பேரைக் கொண்டு இறக்கியது. 1916 நவம்பரில் கடைசிக் கப்பல் ‘சட்லெஜ்’ வந்து சேரும்வரை 87 பயணங்களில் வந்தவர்கள் 60,553 பேர். இவர்களில் 45,439 பேர் கல்கத்தா வழியாகவும் 15,114 பேர் சென்னை வழியாகவும் வந்தவர்கள். சென்னைக் கணக்கு 1903இல்தான் தொடங்குகிறது. வடக்கே ஆள் சேர்ப்பது கடினமாகி வந்த வேளையில் தெற்கே கண் திரும்பியது. ஆக, வந்தவர்களில் கால் பங்கினர் தென்னிந்தியர். அவர்கள் வந்தது கதையின் கடைசிப் பதின்மூன்று ஆண்டுகளில்.

வட ஆர்க்காட்டுக்காரர் ஏன் புறப்பட்டார் என்பதற்குத் தாது வருஷப் பஞ்சத்திலிருந்து தொடங்க வேண்டும். 1871இல் 20 லட்சத்தைத் தாண்டியிருந்த மாவட்ட மக்கள்தொகை 1881இல் சுமார் 18 லட்சம். இயல்பாகப் பிறந்து கூடியிருக்க வேண்டியவர்களையும் சேர்த்தால் இழப்பு இன்னும் பெரிது. 1901இல் எண்ணிக்கை 22 லட்சமாக மீண்டுவிட்டது. நிலம் அவ்வாறு கூடவில்லை. மானாவாரிக் காடும், மழை பொய்த்தால் வற்றிவிடும் ஏரியும், ஜமீன் வாரமும் கொண்ட வட்டாரம் இது. இலங்கை, பர்மா, மலேயா, மொரீஷியஸ், நேட்டால் என்று இங்கிருந்து ஆள் போவது ஃபிஜிக்கு முன்பே பழகிப்போன வழக்கம். பஞ்சத்தில் பிழைத்த தலைமுறையின் பிள்ளைகள்தான் 1903க்குப் பின் ஆள்சேர்ப்பு டிப்போவில் பெயர் கொடுத்தவர்கள்.

ஐந்தாண்டு ஒப்பந்தம்; நாள் வேலைக்கு ஆணுக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ். மேலும் ஐந்தாண்டு தங்கினால் திரும்பும் பயணம் இலவசம். தோட்டத்து வாழ்வை ‘கிர்மிட்’ என்றார்கள் அங்கே. மக்கள்தொகை ஆய்வுக்கு இந்த ஏற்பாட்டில் மிக முக்கியமான விதி, 100 ஆணுக்கு 40 பெண் என்பதுதான். குடும்பமாக வாழ வேண்டியவர்களுக்கு ஓர் அரசாங்கம் வகுத்த விகிதம் இது. இதன் விளைவு 1911 கணக்கெடுப்பில் அப்படியே தெரிகிறது: இந்தியர் 40,286 பேரில் ஆண்கள் 26,073, பெண்கள் 14,213. ஆயிரம் ஆணுக்கு 545 பெண். கூலிகள் குடியிருந்த லயன் வீடுகளில் நடந்த வன்முறைக்கும், வெள்ளை ஓவர்சீயர்களின் அத்துமீறலுக்கும், அன்று உலகின் கவனத்தை ஈர்த்த தற்கொலைகளுக்கும் பின்னணியில் இந்த எண்கள் இருக்கின்றன. பாரதி ஃபிஜியின் கரும்புத் தோட்டப் பெண்களைப் பற்றிப் பாடியதும், 1916இல் சி.எஃப். ஆண்ட்ரூஸும் பியர்சனும் அறிக்கை எழுதியதும் இந்தத் துயரைக் கேட்டுத்தான். 1917இல் ஆள் சேர்ப்பு நின்றது. 1920 ஜனவரி 1 அன்று எஞ்சியிருந்த ஒப்பந்தங்கள் அனைத்தும் ரத்தாயின.

வந்தவர்களில் ஏறத்தாழ 24 ஆயிரம் பேர் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். ஐந்தில் இருவர் திரும்பிவிட்ட சமூகம், அதற்குப் பின் பெரிய வரவு எதுவும் இல்லாமல் எப்படிப் பெருகியது? 1920களிலும் 30களிலும் சொந்தச் செலவில் வந்த குஜராத்தி வணிகர்களும் பஞ்சாபி விவசாயிகளும் இருந்தார்கள். ஆனால் அவர்கள் எண்ணிக்கை பெருக்கத்தை விளக்கப் போதாது. 1921இல் ஃபிஜி இந்தியர் 60,634 பேர். 1946இல் 1,20,414. 1966இல் 2,40,960. முதல் இரட்டிப்புக்கு 25 ஆண்டு, அடுத்த இரட்டிப்புக்கு 20 ஆண்டு.

வயதமைப்பு இதற்கு முதற் காரணம். கூலியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் இருபதுகளில் இருந்தவர்கள். முதியோர் இல்லாத சமூகத்தில் சாவு வீதம் தாழ்ந்தும் பிறப்பு வீதம் உயர்ந்தும் இருக்கும். அடுத்தது பாலின விகிதம். தீவிலேயே பிறந்த தலைமுறையில் ஆணும் பெண்ணும் ஏறத்தாழச் சமம் என்பதால் 1921இல் ஆயிரம் ஆணுக்குப் பெண்கள் 638 ஆனார்கள். அதன்பின் இடைவெளி மேலும் சுருங்கியது. லயனை விட்டு வெளியேறியவர்கள் பத்து ஏக்கர் அளவில் குத்தகை நிலம் பிடித்துக் கரும்பு போட்டார்கள். குத்தகைக் காட்டில் பிள்ளைகள் கூலியாளுக்கு ஈடு. இளவயதுத் திருமணமும் ஊரிலிருந்து கொண்டுவந்த வழக்கமாக நிலைத்தது. ஃபிஜியில் மலேரியா இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மொரீஷியஸிலும் நேட்டாலிலும் இந்தியரைக் கொன்ற காய்ச்சல் இங்கு அவர்களைத் தொடரவில்லை.

அதே காலத்தில் மண்ணின் மக்கள் சரிந்துகொண்டிருந்தார்கள். 1881இல் 1,14,748, 1901இல் 94,397, 1921இல் 84,475. 1918இல் ‘டாலுன்’ கப்பல் கொண்டுவந்த இன்ஃபுளுவென்சா நாட்டில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐவரைக் கொண்டுபோனது. சரிவின் காரணத்தைக் கண்டறிய 1893இல் காலனி அரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. கப்பலில் வந்த நோய்களோடு நில்லாமல் ஃபிஜித் தாய்மாரின் பிள்ளை வளர்ப்பு மீதும் அக்குழு பழி போட்டது. பின்னர், 1959இல் ஆலன் பர்ன்ஸ் தலைமையில் இன்னொரு குழு. இம்முறை கவலை இந்தியரின் பெருக்கம். அரை நூற்றாண்டுக்கு மேல் இடைவெளியுள்ள இரு குழுக்களையும் சேர்த்துப் படிக்கும்போது ஒன்று தெளிகிறது. குறைந்தால் ஃபிஜித் தாயும், கூடினால் இந்தியத் தாயும் விசாரணைக்கு உள்ளானார்கள். தோட்ட முதலாளியின் தேவையும் நிலச் சட்டமும் அந்த அளவு விசாரிக்கப்படவில்லை.

1946 கணக்கெடுப்பில் முதன்முறையாக இந்தியர் மண்ணின் மக்களை மிஞ்சினார்கள். வித்தியாசம் 2,344 பேர்தான். ஆனால் அந்தச் சின்ன எண் ஃபிஜி அரசியலின் பேச்சை அடுத்த நாற்பதாண்டுக்கு மாற்றிவிட்டது. இந்தியர் 1966இல் மொத்த மக்களில் பாதியைச் சற்றே தாண்டினார்கள். 1970இல் சுதந்திரம் பெற்றபோது தேர்தல் தொகுதிகளும் வாக்காளர் பட்டியலும் இனவாரியாகவே இருந்தன.

உச்சத்தை எட்டிய சமயத்திலேயே திருப்பமும் தொடங்கிவிட்டது. கணக்கெடுப்பு எண்களிலிருந்து ஆண்டு வளர்ச்சியை நான் கணித்துப் பார்த்தேன். 1946–56இல் ஃபிஜி இந்தியர் ஆண்டுக்குச் சுமார் 3.5 விழுக்காடும், 1956–66இல் 3.6 விழுக்காடும் வளர்ந்தார்கள். 1966–76இல் அது 2 விழுக்காட்டுக்கு இறங்கியது, 1976–86இல் 1.8. இந்த இருபதாண்டிலும் மண்ணின் மக்கள் ஏறத்தாழ 2.5 விழுக்காட்டில் வளர்ந்துவந்தார்கள். ஒரு பத்தாண்டுக்குள் வேகம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததற்குப் புலப்பெயர்வு ஒரு காரணம். சுதந்திரத்துக்குப் பின் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகத் தொடங்கிவிட்டார்கள். பெரிய காரணம் வீட்டுக்குள் இருந்தது. 1962இல் தொடங்கிய குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தை முதலில் கைக்கொண்டவர்கள் இந்திய வம்சாவளிப் பெண்கள். அவர்களின் திருமண வயது உயர்ந்தது, பள்ளிப் படிப்பு நீண்டது. குத்தகை நிலத்தைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்க வழியில்லாமலும் போனது. 1950களில் ஆயிரத்துக்கு 40க்கு மேல் இருந்த பிறப்பு வீதம் 1970 வாக்கில் 30 அளவுக்கு வந்தது. தென்னிந்திய மாநிலங்களில் இதே இறக்கம் நடந்தது பின்னால்தான். போன பெண்கள் ஊரிலிருந்த பெண்களை இதில் முந்திக்கொண்டார்கள்.

எனவே 1987 மே 14 அன்று லெப்டினன்ட் கர்னல் ரபூகா ஆட்சியைக் கைப்பற்றியபோது, இந்தியர் நாட்டை மூழ்கடிப்பார்கள் என்ற அச்சத்துக்கு எண்ணிக்கையில் ஆதாரம் ஏற்கெனவே கரைந்துகொண்டிருந்தது. லியோனிடாஸ் வந்திறங்கிய அதே மே 14. ஆட்சிக் கவிழ்ப்பு செய்தது, மெல்ல நடந்துவந்த மாற்றத்தை வெள்ளமாக்கியதுதான். அடுத்த இருபதாண்டுகளில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா, அமெரிக்கா என்று வெளியேறினார்கள். ஆசிரியர், மருத்துவர், கணக்காளர் எனப் படித்தவர்கள் முதலில் போனார்கள். 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நீட்டிக்கப்பட்ட குத்தகைகள் 1997 முதல் முடியத் தொடங்கின. நாட்டு நிலத்தில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் மண்ணின் மக்களின் குலங்களுக்கு உரியது. குத்தகை புதுப்பிக்கப்படாத கரும்பு விவசாயிக்குத் தலைநகர் சுவாவின் ஓரக் குடிசையைத் தவிரப் போக்கிடம் இல்லை. 2000 மே மாதம், முதல் இந்திய வம்சாவளிப் பிரதமர் மகேந்திர சௌத்ரி பதவியேற்று ஓராண்டு ஆன நாளில், மறுபடியும் ஆட்சிக் கவிழ்ப்பு. 1986இல் 3,48,704 ஆக இருந்த இந்தியர் 1996இல் 3,38,818, 2007இல் 3,13,798. பங்கு 48.7 விழுக்காட்டிலிருந்து 37.5க்கு இறங்கிவிட்டது. அதே 2007இல் இந்திய வம்சாவளிப் பெண்களின் கருவள வீதம் பதிலீட்டு மட்டத்துக்குக் கீழே இருந்தது.

மொரீஷியஸை ஒப்பிட்டால் அரசியலின் பங்கு விளங்கும். வட ஆர்க்காட்டார் உட்படத் தமிழர் அங்கும் கூலியாகச் சென்றவர்களே. 1960களின் தொடக்கத்தில் பெண்ணுக்கு ஆறு பிள்ளை என்றிருந்த கருவளம் 1970களின் நடுவில் மூன்றாகியது. ஃபிஜியைக் காட்டிலும் வேகமான இறக்கம். ஆனால் குடியேற்றத்துக்கு முன் மக்களே இல்லாத தீவு அது. நிலத்தின் பூர்வ உரிமை என்ற கேள்வி எழவில்லை. 1972க்குப் பின் கணக்கெடுப்பில் இனத்தைக் கேட்பதையும் நிறுத்திவிட்டார்கள். முன்னோர் மொழி கேட்கப்பட்டதால் தமிழர் எண்ணிக்கையின் நிழல் அங்கு அதன் பின்னும் தெரிந்தது.

ஃபிஜியில் தென்னிந்தியரைத் தனியே எண்ணுவது கடினம். 1926இல் சாது குப்புசாமி நாடி நகரில் நிறுவிய தென் இந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் பள்ளிகளை நடத்தித் தமிழைக் கற்பித்தது. 1941இல் ஆந்திரர் தனிச் சங்கம் கண்டார்கள். நாடியின் சிவசுப்பிரமணியர் கோயிலும் தீமிதித் திருவிழாக்களும் தொடர்கின்றன. வீட்டு மொழியோ பெரும்பாலும் ‘ஃபிஜி இந்தி’ ஆகிவிட்டது. வடக்கத்தியரோடு கலப்பு மணமும் கூடிவிட்டது. 2017 கணக்கெடுப்பில் நாட்டின் மொத்த மக்கள்தொகை 8,84,887. 2011இல் பழைய சித்தூர் மாவட்டத்தில் மட்டும் 41 லட்சத்துக்கு மேற்பட்டோர் இருந்தார்கள் என்பதோடு வைத்துப் பார்க்கலாம். 2017இன் இனவாரி எண்களை அன்றைய அரசு வெளியிடவில்லை. 2021இல், வறுமையை இனவாரியாகக் காட்டிய அறிக்கையை அரசு நிராகரித்தது. புள்ளியியல் துறைத் தலைவர் பதவி இழந்தார். எண்ணை மறைத்தால் பகை மறையும் என்ற எண்ணம் நல்ல நோக்கத்தில் பிறந்திருக்கலாம். ஆனால் எந்த வயதினர், எந்தத் தொழிலினர் வெளியேறுகிறார்கள் என்று தெரியாமல் பள்ளியையும் மருத்துவமனையையும் எப்படித் திட்டமிடுவது?

ஆய்வில் ஒரு பெரிய வேலை மிச்சமிருக்கிறது. வரலாற்றாசிரியர் பிரிஜ் லால் 1983இல் வெளியிட்ட நூல் கல்கத்தா வழி சென்ற 45,439 பேரின் குடியேற்றச் சீட்டுகளைக் கணினியில் ஏற்றி ஆராய்ந்தது. ஒவ்வொரு சீட்டிலும் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, உயரம், மாவட்டம், தாலுகா, கிராமம் எல்லாம் உண்டு. சென்னைச் சீட்டுகளையும் அதே நுணுக்கத்தோடு அணுக வேண்டும். அங்கே மாவட்டப் பெயரை மட்டும் வைத்து ஒருவரைத் தமிழர் என்றோ தெலுங்கர் என்றோ முடிவுகட்ட இயலாது. வட ஆர்க்காடு இருமொழிப் பிரதேசம், காணிப்பாக்கம் வட்டாரத்தில் இன்றும் இரண்டு மொழியும் புழங்குகின்றன. எல்லையும் 1911இல், 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தபோது, 2022இல் திருப்பதி தனி மாவட்டமானபோது என்று திரும்பத் திரும்ப மாறியிருக்கிறது. தாலுகாவையும் கிராமத்தையும் இன்றைய வரைபடத்தில் பொருத்தி, அந்தக் கிராமங்களின் 1891, 1901 கணக்கெடுப்பு எண்களோடு சீட்டுகளை இணைத்துவிட்டால், எந்த ஏரி வற்றிய ஊரிலிருந்து எத்தனை பேர் போனார்கள் என்பதை ஊர்வாரியாகச் சொல்லிவிடலாம். பாட்டனார் சீட்டில் ‘வட ஆர்க்காடு, சித்தூர்’ என்று படித்துவிட்டு ஆக்லாந்திலிருந்தும் சிட்னியிலிருந்தும் சொந்த ஊரைத் தேடுகிற பேரப்பிள்ளைகளுக்கு வேலூரிலும் சித்தூரிலும் உள்ள ஆய்வாளர்கள் சேர்ந்து செய்து தரக்கூடிய வேலை இது.